கூப்பிடு தூரத்தில் ஒரு பெஞ்சு

"செத்தவர் நகத்துல மணல் இருந்துச்சு. அவ்வளவுதான் கேஸ். இதுக்குப் போய் இத்தனை புல்லை மிதிக்கணுமா மேடம்?"

கோல்ஃப் மைதானத்தின் வாசலில் வண்டியை நிறுத்தியபடி கேட்டான் ரேடியோ.

ரேடியோ என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. காவல் நிலையத்தில் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், அணைக்க ஸ்விட்ச் கிடையாது என்ற காரணத்தால் கூட இருந்தவர்கள் வைத்தது. முழங்கால் தேய்ந்துபோய் முன்கூட்டியே ஓய்வு வாங்கிய இன்ஸ்பெக்டரம்மா, தனியாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது அவனும் பின்னாலேயே வந்துவிட்டான். "அவங்க மூளை, நான் முழங்கால்" என்றுதான் எல்லோரிடமும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வான்.

"மிதிக்கணும்," என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "இறங்கு."

முந்தின நாள் மத்தியானம் அவர்களைத் தேடி ஒரு பல் டாக்டர் வந்திருந்தார். ஐம்பதைத் தொட்ட பெண்மணி. கணவர் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அழுது முடித்த முகமாக அது இல்லை. அழுகையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாத முகமாக இருந்தது.

"என் வீட்டுக்காரர் கப்பல்ல எஞ்சினியரா இருந்தவர்," என்று ஆரம்பித்தார். "ரிட்டையர் ஆனப்புறம் கோல்ஃப்தான் அவருக்கு எல்லாம். என் அண்ணன்தான் ஜோடி. வாராவாரம் விடிஞ்சதும் ரெண்டு பேரும் கிளம்பிடுவாங்க. அன்னைக்கும் அப்படித்தான் போனாங்க. மாரடைப்பு. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆஸ்பத்திரியில தெளிவாச் சொல்லிட்டாங்க."

"பின்ன எதுல சந்தேகம்?"

"அண்ணன் சொல்றதுல. மணல் குழியில விழுந்த பந்தை அடிச்சு வெளிய எடுத்துட்டு, மேல புல்லுல ஏறி நின்னாராம். நின்னவர் அப்படியே சரிஞ்சாராம். ஒரு நொடிதானாம். வலிகூடத் தெரிஞ்சிருக்காதுன்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்றான்." டாக்டர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "வீட்டுக்குக் கொண்டுவந்தப்ப நான்தான் கையைத் துடைச்சேன். சின்ன இடுக்குல இருக்கறதைச் சுத்தம் பண்றதுதானே என் பிழைப்பு. வலது கை நகக்கண் ஒண்ணு விடாம மணல். இறுக அடைச்ச மணல். நின்ன இடத்துல சரிஞ்சவருக்கு அது எப்படி வரும்?"

"அண்ணன்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேட்டேன். ஆடி முடிச்சதும் குழியை மணல் வாரற ரேக் போட்டுச் சமன் பண்ணினார், அப்ப ஒட்டியிருக்கும்னான். என் முகத்தைப் பார்த்துச் சொல்லல. அன்னைக்கிலேருந்து வீட்டுப் பக்கமே வரல. என்னைப் படிக்க வச்சவன் மேடம் அவன். அப்பா இல்லாத குறையே தெரியாம வளர்த்தவன். புருஷன் போனாரு, கூடவே அண்ணனும் எங்கயோ போயிட்டான்." கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார். "அவன் ஏதாவது பண்ணியிருப்பான்னு நான் நினைக்கல. நினைக்காமலும் இருக்க முடியல."

அதற்காகத்தான் இந்தப் புல்.

மைதானத்தின் மேலாளர் அவர்களுக்காகக் காத்திருந்தார். வேளாண்மை படித்த பெண். கணுக்கால் வரை ரப்பர் பூட்ஸ், கழுத்தில் விசில். இறந்தவரைப் பற்றிக் கேட்டதும் நடையைக் குறைத்தார்.

"அவருக்கு இங்க 'ரூல்ஸ்'னு பேரு. அந்தப் பேரு கேலிக்கு வச்சது. ஆனா எங்க மணல் குழிகளைக் கேட்டா அது மரியாதைப் பேருன்னு சொல்லும்."

"மணல் குழின்னா, பந்து போய் விழுந்தா எடுக்கக் கஷ்டப்படணும்னு வெட்டி வச்சிருக்கறது?" என்றான் ரேடியோ.

"ஆமா. பங்கர்னு சொல்வோம்."

"நாமே குழி வெட்டி, நாமே மணல் கொட்டி, நாமே போய் விழுந்துட்டு, நாமே அழறது. இதுக்கு எங்க வீட்ல கல்யாணம்னு பேரு."

மேலாளர் சிரித்தார். சிரித்ததற்காக வருத்தப்பட்டவர்போல உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குழியில இறங்கி ஆடினவர் வெளிய வரும்போது, தன் காலடியையும் மட்டை கிளப்பின பள்ளத்தையும் ரேக் போட்டுச் சமன் பண்ணிட்டு வரணும். பின்னால வர்ற ஒருத்தரோட பந்து உங்க காலடிப் பள்ளத்துல போய் உக்காந்தா, அவர் என்ன பாவம் பண்ணினார்? இந்த ஆட்டத்துல மரியாதைன்னா அதுதான். முகம் தெரியாதவருக்குச் செய்யற ஒரு சின்ன உபகாரம்."

"எல்லாரும் செய்வாங்களா?"

"பாதிப் பேர் காலால ரெண்டு தள்ளு தள்ளிட்டுப் போயிடுவாங்க. மீதிப் பேர் அதுவும் கிடையாது. ரூல்ஸ் சார் மட்டும்தான் தன்னோடதையும் வாரி, அடுத்தவர் விட்டுட்டுப் போனதையும் வாருவார்."

"அவர் மைத்துனர் எப்படி?"

"கண்ணாடிக் கடைக்காரரா? அவர் ரேக்கைத் தொட்டு நான் பார்த்ததே இல்ல. அடிப்பார், மேல ஏறிடுவார். 'மச்சான் இருக்கான், பார்த்துக்குவான்'னு ஒரு வார்த்தை. ரூல்ஸ் சார் திட்டிக்கிட்டே ரெண்டு பேர் காலடியையும் வாருவார். அந்தச் சண்டையைக் கேக்கறதுக்குன்னே சில பேர் அவங்களுக்குப் பின்னால ஆட வருவாங்க." அவர் கையை நீட்டினார். "இதுதான் அந்த இடம். ஏழாவது கொடி."

குழி அகலமாக இருந்தது. ஒரு பக்கம் சரிவு. குழந்தைகூட இறங்கி ஏறலாம். எதிர்ப்பக்கம் நெஞ்சளவு உயர மணல் சுவர். அந்தச் சுவருக்கு மேலே புல்தரை, அதில் கொடி. மணல் வெள்ளையாக, ஈரம் காய்ந்து, வாரப்பட்ட கோடுகளோடு கிடந்தது.

"அன்னைக்கு நீங்க வந்தப்ப என்ன பார்த்தீங்க?"

"விடியக்காலை தூறல். மைதானத்துல இவங்க ரெண்டு பேரைத் தவிர ஆள் இல்ல. மைத்துனர் போன் பண்ணினார். பேச்சே வரல அவருக்கு. நான் ஓடி வந்தப்ப சுவருக்கு மேல புல்லுல ரூல்ஸ் சார் படுத்திருந்தார். தலை மைத்துனர் மடியில."

"குழி?"

மேலாளர் விசிலின் கயிற்றை விரலில் சுற்றினார்.

"ஒரு மனுஷன் செத்துக் கிடக்கறப்ப, 'மணல் சரியில்ல'ன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது? சொன்னா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? இத்தனை நாளும் மனசுக்குள்ளயே போட்டு வச்சிருந்தேன்."

"இப்ப சொல்லுங்க. நாங்க எதுவும் நினைக்க மாட்டோம்."

"இடது பாதி ரூல்ஸ் சார் கைவேலை. தலை வாரின மாதிரி கோடு கோடா. பார்த்ததுமே தெரியும். நடுவுல வந்ததும் அந்தக் கோடு சட்டுன்னு நின்னுபோச்சு. அங்கேருந்து அந்தச் சுவர் வரைக்கும் வேற யாரோட கையோ."

"அதெப்படிக் கண்டுபிடிச்சீங்க? மணல்ல கையெழுத்தா இருக்கும்?" என்றான் ரேடியோ.

இன்ஸ்பெக்டரம்மா ஓரமாகக் கிடந்த ரேக்கைக் காட்டினார். "எடு. அந்தச் சுவர்ல நாலு தடம் பதிச்சுட்டு, அதைச் சமன் பண்ணு. யாரும் சொல்லித்தர மாட்டோம்."

ரேடியோ பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினான். சுவரில் கைகளைப் பதித்தான். பிறகு எதிரே நின்று, பல் வைத்த அந்த நீளமான வாரியை மேலே நீட்டி, தன் பக்கமாகச் சரசரவென்று இழுத்தான். தடம் போய்விட்டது. கூடவே சுவரின் மணலும் இறங்கி வந்து அவன் காலடியில் குவிந்தது. மேலே கறுப்பாக மண் தெரிந்தது.

"போதும், போதும்," என்று மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இதேதான். இப்படியேதான் இருந்துச்சு. மணலை மேல பார்த்துத் தள்ளணும், கீழ இழுக்கக் கூடாது. ரேக் புடிச்சுப் பழகாதவங்க எல்லாரும் இழுக்கத்தான் செய்வாங்க."

"அப்ப ரூல்ஸ் சார் பாதி வாரும்போது யாரோ அவரை நிறுத்தியிருக்காங்க," என்றான் ரேடியோ. குரல் இறங்கியிருந்தது. "அதுக்கப்புறம் நடந்ததை வாரத் தெரியாத ஒருத்தர் அழிச்சிருக்கார். இந்த மைதானத்துல அன்னைக்கு இருந்தது ரெண்டே பேர். மேடம், அந்தம்மா பயந்தது சரிதான் போலிருக்கு."

"அவசரப்படாதே."

இன்ஸ்பெக்டரம்மா ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சரிவு வழியாக இறங்கினார். குழியின் நடுவில், கோடு நின்றுபோனதாக மேலாளர் சொன்ன இடத்தில் போய் நின்றார். பின்னால் திரும்பிச் சரிவைப் பார்த்தார். முன்னால் திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"நெஞ்சு வலி வருது. வெளிய போக நல்ல வழி பின்னாலயே இருக்கு. நாலு எட்டு வச்சா புல். அதை விட்டுட்டு ஒருத்தர் இந்தச் சுவர்ல ஏன் ஏறணும்? அதுவும் நகத்தால பிறாண்டிக்கிட்டு?"

அவர் பார்வையைச் சுவருக்கு மேலே கொண்டுபோனார்.

சுவரின் விளிம்புக்கு மேலாக, கொடியைத் தாண்டி, ஒரு மரத்தடியில் மர பெஞ்சு ஒன்று தெரிந்தது.

"அது என்ன?"

"எட்டாவது ஆட்டம் அங்கேருந்துதான் தொடங்கும்," என்றார் மேலாளர். "முன்னால போனவங்க அங்க உக்காந்து, கூட வர்றவருக்காகக் காத்திருப்பாங்க."

"ரேடியோ, போய் அதுல உக்காரு. எனக்கு முதுகைக் காட்டி."

அவன் போய் உட்கார்ந்தான். தூரத்தில் எங்கோ புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டரம்மா தொண்டையைக் கனைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"ரேடியோ."

அவன் திரும்பிப் பார்த்தான். எழுந்து, மெதுவாக நடந்து, சுவரின் விளிம்புக்கு வந்து நின்றான்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மேடம். நீங்க சத்தம்கூடப் போடல. பக்கத்து ரூம்லேருந்து கூப்பிடற மாதிரிதான் கூப்பிட்டீங்க."

வண்டிக்குத் திரும்பும்வரை ரேடியோ வாயைத் திறக்கவில்லை.

கண்ணாடிக் கடை நெரிசலான தெருவில் ஒரு மாடிப்படியின் கீழ் இருந்தது. சுவர் முழுக்க ஃபிரேம்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆளில்லாத கண்ணாடிகள் ஆளைப் பார்த்தன. டாக்டரின் அண்ணன் மேஜை விளக்கின் அடியில் குனிந்து, ஒரு பழைய ஃபிரேமின் காதுக் கம்பியில் திருகாணி ஏற்றிக்கொண்டிருந்தார். அறுபது வயது இருக்கும். சட்டையின் கழுத்து பெரிதாகத் தெரிந்தது. சமீபத்தில் இளைத்தவர்.

இன்ஸ்பெக்டரம்மா தான் யார், யார் அனுப்பி வந்திருக்கிறார் என்று சொன்னார். அவர் ஆச்சரியப்படவில்லை. ஸ்டூலைக் காட்டினார்.

"அனுப்புவான்னு தெரியும். சின்ன வயசுலயே பதில் கிடைக்காம தூங்க மாட்டா." பிறகு, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவர்போல, "அடிச்சுட்டு மேல ஏறினான். அப்படியே சரிஞ்சான். ஒரு நொடிதான். கஷ்டப்படல," என்றார்.

"நாங்க மைதானத்துலேருந்து வர்றோம்."

"ம்."

"ஆயுசுல முதல் தடவையா அன்னைக்குத்தான் நீங்க ரேக்கைத் தொட்டிருக்கீங்க. எதை அழிச்சீங்க?"

குட்டித் திருப்புளி அவர் விரலிலிருந்து நழுவி மேஜையில் உருண்டது. அவர் அதைப் பிடிக்கவில்லை. அது விளிம்புக்கு வந்து கீழே விழுந்தது.

"கடையைக் கொஞ்சம் சாத்தட்டுமா?" என்று கேட்டான் ரேடியோ, மிகவும் மெதுவாக.

அவர் தலையசைத்தார்.

"குழியில அடிக்கறதுக்கு முன்னாடி மட்டை மணல்ல படக் கூடாது," என்றார், கதவு சாத்தப்பட்டதும். "பட்டா அபராதமா ரெண்டு அடி கணக்குல ஏறும். என் மட்டை பட்டுச்சு. எனக்குத் தெரியல... இல்ல, தெரிஞ்சுது. அவனும் பார்த்துட்டான். ரெண்டு அடி சேர்த்துக்கோன்னான். பொம்மைச் சண்டைதான் மேடம். வாராவாரம் போடறதுதான். அன்னைக்கு என்னமோ எனக்குச் சுருக்குன்னு குத்திடுச்சு. 'நீயும் உன் ரூல்ஸும் இங்கயே கிடங்க'ன்னு சொல்லிட்டு மேல ஏறிப் போயிட்டேன். என் காலடியைக்கூட வாரல. வேணும்னேதான் வாரல. அவன் வாரட்டும்னு."

"போய் பெஞ்சுல உக்காந்தீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். இது இவருக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

"நடந்து போய்ட்டு இருக்கறப்பவே கூப்பிட்டான். மறுபடியும் கூப்பிட்டான். காலடியை வாராமப் போறேன்னு திட்டத்தான் கூப்பிடறான்னு நினைச்சு நான் திரும்பல. பெஞ்சுல போய் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்தேன். வந்து சமாதானம் பண்ணட்டும்னு." அவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "திரும்பிப் போனப்ப, பாதி குழியில ரேக் கிடக்கு. அங்கேருந்து சுவர் வரைக்கும் மணல்ல... ஊர்ந்து வந்திருக்கான். முழங்கால் தடம், கைத் தடம். சுவர்ல ஏறப் பார்த்து வழுக்கியிருக்கான், திரும்ப ஏறியிருக்கான். அஞ்சு விரலும் பதிஞ்சு பதிஞ்சு இருக்கு. கை மட்டும் மேல புல்லைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் தூக்கி மேல கிடத்தினேன். மூச்சு இல்ல."

கடைக்கு வெளியே யாரோ வந்து, சாத்திய கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"போன் பண்ணிட்டு மணலைப் பார்த்தேன். ஆள் வருவாங்க. என் தங்கச்சி வருவா. புருஷன் விழுந்த இடத்தைக் காட்டுன்னு கேப்பா. அந்தத் தடத்தை அவ பார்க்கக் கூடாதுன்னு ரேக்கை எடுத்தேன். அவளுக்காகன்னுதான் எனக்கு நானே சொல்லிக்கிறேன்." கழற்றிய கண்ணாடியை மேஜையில் வைத்தார். "எனக்காகவும்தான். அந்தத் தடம் எங்க பார்த்து வந்துச்சுன்னு பார்க்கறவங்க யாருக்கும் தெரிஞ்சிடும்."

"எதுக்குத் திரும்பிப் போனீங்க?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டரம்மா. "சமாதானம் பண்ண அவர் வரட்டும்னு உக்காந்தவர், நீங்களா ஏன் எந்திரிச்சீங்க?"

அவர் வாயைத் திறந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

ரேடியோ குனிந்து திருப்புளியைத் தேடி எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"மேடம், ஒரு நொடியில போயிட்டான்னே இருக்கட்டுமே," என்றார் அவர். "அதுதான் அவளுக்கு இருக்கற ஒரே நிம்மதி."

"அது நிம்மதியா இருந்திருந்தா என்கிட்ட வந்திருக்க மாட்டாங்க. அந்த நகத்தைச் சுத்தம் பண்ணினது அவங்க கை. அவர் கஷ்டப்பட்டது அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது நீங்க என்ன பண்ணினீங்கங்கறதுதான். அந்த இடத்துல இப்ப அவங்க வேற எதையோ வச்சு நிரப்பிட்டு இருக்காங்க." இன்ஸ்பெக்டரம்மா எழுந்தார். "நாளைக்குச் சாயங்காலம் நான் பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி நீங்க போனா, நான் சொல்ல ஒண்ணும் இருக்காது."

அவர் மேஜை விளக்கை அணைத்தார்.

"தனியாப் போக எனக்குத் தைரியம் இல்ல," என்றார்.

மறுநாள் அவர்கள் மூவரும் பல் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது கடைசி நோயாளி வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். டாக்டர் கையுறையைக் கழற்றியவர், அண்ணனைப் பார்த்ததும் அப்படியே நின்றார். கிராம்பு எண்ணெய் வாசனை அறையெங்கும் இருந்தது. உட்கார இடம் என்று நோயாளி சாயும் நீள நாற்காலி ஒன்றுதான். அண்ணன் அதன் விளிம்பில் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டரம்மா கதவருகே நின்றுகொண்டார்.

அண்ணன் எதையும் மறைக்கவில்லை. மட்டை மணலில் பட்டது, வாராமல் விட்ட காலடி, பெஞ்சு, ரேக், எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். டாக்டர் குழாயைத் திறந்து கை கழுவினார். கழுவிய கையையே மறுபடி கழுவினார்.

"கூப்பிட்டார்னியே அண்ணா. என்னன்னு கூப்பிட்டார்?"

அண்ணன் நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"எப்படிக் கூப்பிட்டார்? என்ன வார்த்தை?"

"மச்சான்னு."

டாக்டர் குழாயை மூடினார்.

"ரூல்ஸ் பேசணும், திட்டணும்னா அவர் உன்னை 'மைத்துனரே'ன்னுதானே கூப்பிடுவார். வீட்ல எல்லாரும் சிரிப்போம். கோபமா இருக்கறப்ப ஒரு நாளும் மச்சான்னு வந்ததில்ல."

"தெரியும்," என்றார் அண்ணன். முதல் தடவையாக நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். "பெஞ்சுல போய் உக்காந்தப்புறம்தான் எனக்கு அது உறைச்சுது. மச்சான்னுதானே கூப்பிட்டான்னு. எந்திரிச்சு ஓடினேன். நான் ஓடினேம்மா."

இன்ஸ்பெக்டரம்மா கதவின் பக்கம் திரும்பிக்கொண்டார். சர்வீஸ் முழுவதும் எத்தனையோ வாக்குமூலங்களை எழுதி வாங்கியவர். இதை எந்தப் பிரிவின் கீழும் எழுத முடியாது.

"சீக்கிரமாப் போயிருந்தா..." என்று ஆரம்பித்தார் அண்ணன்.

"அதை யார்கிட்டயும் கேக்காத," என்றார் டாக்டர். "நானும் கேக்க மாட்டேன். பதில் தெரிஞ்சு நாம என்ன பண்ணப் போறோம்?"

அவர் துண்டில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இப்ப என்னால உன் முகத்தைப் பார்க்க முடியல. நீ போ. ஆனா நாளைக்கு வா. நாளன்னைக்கும் வா. நான் பேசலன்னாலும் வா. என்னால பார்க்க முடியற வரைக்கும் நீ வந்துக்கிட்டே இரு அண்ணா. நீயும் வராம போயிட்டா எனக்குன்னு யார் இருக்கா?"

அண்ணன் எழுந்தார். கும்பிடுவதா, தொடுவதா என்று தெரியாமல் கைகள் பாதியில் நின்றன. வெளியே போய்விட்டார்.

வண்டியில் வெகுதூரம் வந்த பிறகுதான் ரேடியோ பேசினான்.

"குற்றவாளியைக் கண்டுபிடிச்சுட்டா ராத்திரி நல்லாத் தூக்கம் வரும்னு சொல்வீங்களே மேடம்."

"இதுல குற்றவாளி யாருய்யா?"

"அதான் கேக்கறேன். இன்னைக்கு யாரைத் திட்டிட்டுத் தூங்கறது?"

இன்ஸ்பெக்டரம்மா தன் போனை எடுத்தார். வேறொரு ஊரில் இருக்கும் தம்பியின் எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அழைத்தார். "ஒண்ணுமில்லடா, சும்மாத்தான்," என்று அவர் சொல்வது ரேடியோவுக்குக் கேட்டது. அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான்.

இரண்டு வாரம் போனது. ரேடியோவின் கடைவாய்ப் பல் ஒன்று வீங்கிக்கொண்டது. வேறு டாக்டரிடம் போகலாம் என்று அவன் எவ்வளவோ சொல்லியும் இன்ஸ்பெக்டரம்மா கேட்கவில்லை; அங்கேயே கூட்டிக்கொண்டு போனார்.

காத்திருக்கும் அறை நிறைந்திருந்தது. மூலையில், தண்ணீர்க் குடுவைக்குப் பக்கத்து நாற்காலியில், கண்ணாடிக் கடைக்காரர் மடியில் ஒரு பத்திரிகையோடு உட்கார்ந்திருந்தார். அவர்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

"அவருக்கு என்ன?" என்று பெயர் எழுதும் பெண்ணிடம் தெரியாதவன்போல விசாரித்தான் ரேடியோ, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

"பல்லுக்கு வரல சார். டாக்டரோட அண்ணன். கடையைச் சாத்திட்டு தினமும் வந்துடுவார். கடைசி ஆள் போற வரைக்கும் உக்காந்திருப்பார். அவங்க பேச மாட்டாங்க, இவரும் பேச மாட்டார். எங்களுக்குத்தான் சங்கடமா இருக்கு."

உள்கதவு திறந்தது. டாக்டர் அடுத்தவரை அழைக்க வந்தார். அவர் பார்வை வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள்மேல் போய், மூலைக்கு வந்து, அங்கே ஒரு கணம் தயங்கி நின்றது.

"அண்ணா," என்றார். "அந்த ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வை. இவங்களுக்கெல்லாம் குளிருது பாரு."

அவர் எழுந்த வேகத்தில் மடியிலிருந்த பத்திரிகை கீழே விழுந்து விரிந்தது. அதை எடுக்கக்கூட நிற்காமல், எல்லோருடைய முழங்கால்களையும் இடித்துக்கொண்டு, அவர் ஸ்விட்சை நோக்கிப் போனார்.